மூட்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பொருள்கள்

முடக்குவாதம் மூட்டுத் தேய்மானத்தால் வருவதில்லை. கிருமிகளை அழிக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் உடலின் சொந்தப் புரதங்களையே அந்நியமென்று எடுத்துக்கொண்டு தாக்குவதால் வருவது அது. பெரும்பாலான நோயாளிகளின் ரத்தத்தில் இந்தத் தாக்குதலின் தடயமாகச் சில ஆன்டிபாடிகள் காணப்படுகின்றன. பாடநூல்கள் ஆன்டிபாடியை எதிர்ப்பொருள் என்கின்றன. தன் உடலையே குறிவைப்பது தன்னெதிர்ப்பொருள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'ஆர்.ஏ. ஃபேக்டர்', 'ஆன்டி சி.சி.பி.' என்று அச்சாகி வரும் இரண்டு வரிகளும் இவற்றின் அளவைத்தான் சொல்கின்றன.

கிராமப்புறங்களில் சரவாங்கி என்றும் மூட்டுவாதம் என்றும் சொல்லப்படும் இந்த நோய் அரிதானதல்ல. டெல்லியை ஒட்டிய கிராமப் பகுதியில் ஏ. என். மாளவியாவும் அவருடைய குழுவினரும் நடத்தி 1993-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 0.75 விழுக்காட்டினருக்கு முடக்குவாதம் இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சேர்த்து ஏறத்தாழ 52 லட்சம் பேர். அவர்களில் வயது வந்தோரை 37 லட்சம் என்று கொண்டு அதே விகிதத்தைப் பொருத்தினால், இந்த இரு மாவட்டங்களில் மட்டும் 27 ஆயிரம் பேருக்கு மேல் இந்நோய் இருக்கக்கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் தொடங்குவது முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில், கை ஓயாமல் வேலை செய்யும் பருவத்தில்.

நோய் முதலில் பிடிக்கும் இடங்களும் வேலை செய்யும் இடங்களே. விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்கள், விரல்களின் நடுக்கணுக்கள், மணிக்கட்டு, பாதத்தில் விரல்களின் அடி. நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவை இது பொதுவாகத் தொடுவதில்லை. அங்கே முண்டு தெரிந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். காலையில் எழுந்ததும் கை மடங்காது. பிளாஸ்கைத் திருக முடியாது, சேலைக் கொசுவம் பிடிக்க முடியாது. தறிக்கூடத்தில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போட வேண்டிய விரல்கள் ஒரு மணி நேரம் ஆனபிறகே பிடிமானம் பெறும். இரண்டு கைகளிலும் ஒரே கணுக்கள் வீங்குவது இதன் போக்கு. மருத்துவர் கை குலுக்குவதுபோல நான்கு விரற்கணுக்களையும் சேர்த்துப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தும்போது நோயாளி கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டால், எந்த இயந்திரமும் இல்லாமலே பாதி விவரம் கிடைத்துவிடுகிறது.

இந்த வீக்கத்துக்கும் ரத்தத்திலுள்ள ஒரு புரதத்துக்கும் தொடர்பு உண்டு என்று முதலில் கண்டவர் நார்வே நாட்டின் எரிக் வாலர். முயலின் ஆன்டிபாடி பூசிய செம்மறியாட்டுச் சிவப்பணுக்களோடு ஒரு முடக்குவாத நோயாளியின் சீரத்தைக் கலந்தபோது அணுக்கள் திரண்டு கட்டியாகின. 1940-ல் அவர் இதை வெளியிட்டார். போர்க்காலம், கவனிப்பார் இல்லை. நியூயார்க்கில் ஹாரி ரோஸும் உடன் பணியாற்றியவர்களும் 1948-ல் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். சீரத்தில் இருந்த அந்தப் பொருள்தான் ருமட்டாய்டு ஃபேக்டர். அதுவும் ஓர் ஆன்டிபாடியே. ஆனால் அது பற்றுவது கிருமியை அல்ல, ஐ.ஜி.ஜி. எனப்படும் மற்றொரு ஆன்டிபாடியின் வால்பகுதியை. பெரும்பாலும் ஐ.ஜி.எம். வகையைச் சேர்ந்தது. ஐந்து அலகுகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு, பற்றுவதற்குப் பத்து முனைகள். அதனால் பல ஐ.ஜி.ஜி.க்களை ஒரே சமயத்தில் பிடித்துக் கட்டிவிடுகிறது.

சிறிய ஊர்களின் ஆய்வகங்களில் பல ஆண்டுகள் நடந்து, இன்றும் சில இடங்களில் நடக்கும் லேட்டக்ஸ் சோதனை இதே தத்துவத்தில் அமைந்தது. கருப்புச் சிலைடில் ஒரு துளி சீரம், அதன்மேல் ஐ.ஜி.ஜி. பூசிய பால்போன்ற லேட்டக்ஸ் கரைசல் ஒரு துளி. குச்சியால் கலக்கி இரண்டு நிமிடம் சிலைடை மெல்ல ஆட்டினால், ஃபேக்டர் இருக்கும் சீரத்தில் வெண்மணிகள் திரண்டு நிற்கும். இல்லாததில் பால் அப்படியே இருக்கும்.

ருமட்டாய்டு ஃபேக்டர் பல நோய்களிலும் தோன்றுவதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலவில்லை. இன்னும் துல்லியமான ஒன்றுக்கான தேடல் கன்னத்தின் உட்புறச் செல்களில் தொடங்கியது. நெதர்லாந்தின் நீன்ஹூயிஸ், மாண்டமா இருவரும் 1964-ல், முடக்குவாத நோயாளிகளின் சீரத்திலுள்ள ஏதோ ஓர் ஆன்டிபாடி அந்தச் செல்களின் உட்கருவைச் சுற்றியுள்ள மணிகளில் போய் ஒட்டுவதைக் கண்டார்கள். அந்த ஆன்டிபாடி எதைப் பற்றுகிறது என்பது தெரிய முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நைமேகன் நகரில் வால்தர் வான் வென்ரூயின் குழு 1998-ல் விடையைச் சொன்னது: சிட்ருலின்.

சிட்ருலின் ஓர் அமினோ அமிலம். 1914-ல் ஜப்பானில் தர்ப்பூசணிச் சாற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. உடல் புரதங்களைக் கட்டும்போது பயன்படுத்தும் இருபது அமினோ அமிலங்களின் பட்டியலில் இது கிடையாது. புரதம் கட்டி முடிந்த பிறகு, பி.ஏ.டி. எனப்படும் நொதிகள் அதிலுள்ள ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றுகின்றன. இந்த நொதிகள் இயங்கக் கால்சியம் நிறைய வேண்டும். உயிருள்ள செல்லுக்குள் அந்த அளவுக் கால்சியம் சாதாரணமாக இருப்பதில்லை. செல் சாகும்போது கால்சியம் உள்ளே பெருக்கெடுக்க, நொதிகள் விழிக்கின்றன. ஆர்ஜினினுக்கு நேர்மின்னேற்றம் உண்டு, சிட்ருலினுக்கு இல்லை. ஓர் இழையின் இழுவிசை தளர்ந்தால் பக்கத்துப் பாவு நூல்களும் தொய்வதுபோல, அந்த ஒரு மின்னேற்றம் போனதும் புரதத்தின் மடிப்புகள் நெகிழ்ந்து அதன் வடிவம் மாறுகிறது. வடிவம் மாறிய புரதம் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்குப் புதிதாகத் தெரிகிறது. ஃபைப்ரின், விமென்டின், ஆல்ஃபா ஈனோலேஸ், குருத்தெலும்பிலுள்ள இரண்டாம் வகைக் கொலாஜன் ஆகியவை இப்படி மாறி ஆன்டிபாடிக்கு இலக்காகும் முக்கியப் புரதங்கள்.

சிட்ருலின் கொண்ட செயற்கைப் புரதத் துண்டை வளையமாக்கி, அதில் ஒட்டும் ஆன்டிபாடியை அளப்பதே ஆன்டி சி.சி.பி. சோதனை. 2000-ம் ஆண்டு வாக்கில் பயன்பாட்டுக்கு வந்து, இரண்டே ஆண்டுகளில் மேம்பட்ட இரண்டாம் பதிப்பு வெளியானது. இதற்குப் பிறகு கார்பமைல் ஏற்றப்பட்ட புரதங்களுக்கு எதிரானவை, பி.ஏ.டி. நொதிக்கே எதிரானவை என்று வேறு சில தன்னெதிர்ப்பொருள்களும் கண்டறியப்பட்டுள்ளன. அன்றாட மருத்துவத்தில் ஃபேக்டரும் சி.சி.பி.யும்தான் போதுமானவையாக இருக்கின்றன.

இந்த ஆன்டிபாடிகள் மூட்டில் பிறப்பதாகத்தான் நெடுங்காலம் கருதப்பட்டது. கடந்த இருபது ஆண்டுகளின் ஆய்வுகள் அதை மாற்றிவிட்டன. பலரிடம் தொடக்கம் நுரையீரலில், வேறு சிலரிடம் ஈறுகளில். ஸ்வீடனில் லார்ஸ் கிளாரெஸ்கோக் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், புகைபிடிப்போரின் நுரையீரலிலிருந்து கழுவி எடுத்த செல்களில் சிட்ருலின் ஏறிய புரதங்கள் இருந்தன, புகைக்காதோரிடம் இல்லை. பரம்பரையும் இதில் சேர்ந்துகொள்கிறது. எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1 மரபணுவின் சில வடிவங்களில் பொதுவாக உள்ள ஒரு சிறு பகுதி முடக்குவாதத்தோடு இணைந்தது என்று கிரெகெர்சனும் சகாக்களும் 1987-ல் காட்டியிருந்தார்கள். அந்த வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற ஒருவர் புகைபிடிப்பவராகவும் இருந்தால், இரண்டும் இல்லாதவரைவிட சி.சி.பி. வகை முடக்குவாதம் வரும் வாய்ப்பு 21 மடங்கு என்பது ஸ்வீடன் ஆய்வின் கணக்கு.

நுரையீரலுக்குள் போவது பீடி, சிகரெட் புகை மட்டுமல்ல. சேலம், நாமக்கல் சமவெளியில் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடப் போகும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து பெருமளவில் கிளம்புகின்றன. பாறையைக் குடையும்போது பறக்கும் வெண்தூளில் சிலிக்கா உண்டு. கல்குவாரியிலும் ஜல்லி கிரஷரிலும் உண்டு. தூசி மூச்சோடு போகும் தொழிலுக்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள உறவு பழைய செய்தி. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களில் முடக்குவாதம் இருந்தவர்களின் நுரையீரலில் தனி வகைக் கட்டிகளை ஆன்டனி கேப்லன் 1953-ல் விவரித்தார். ஸ்வீடனில் பாறை குடைவோரையும் கல் உடைப்போரையும் ஆராய்ந்தபோது, சிலிக்காத் தூசியோடு புகைப்பழக்கமும் சேர்ந்த ஆண்களிடம் சி.சி.பி. வகை முடக்குவாதத்தின் ஆபத்து பன்மடங்காக உயர்ந்திருந்தது. ஒன்றும் ஒன்றும் இரண்டாகவில்லை, அதைவிடப் பெரிதாகப் பெருகியிருந்தது.

பஞ்சுத் தூசியைப் பற்றிய சான்று மலேசியாவிலிருந்து வருகிறது. மலாய், சீன, இந்திய வம்சாவளியினரைக் கொண்டு அங்கே நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், ஜவுளித் தூசியில் வேலை செய்த பெண்களுக்கு முடக்குவாத வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு இருந்தது. மலேசிய இந்தியர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள் என்பதை நினைத்தால், குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, சேலம் விசைத்தறிக் கூடங்களில் தார் சுற்றும் பெண்களுக்கு இந்தச் செய்தி தூரத்துச் செய்தி அல்ல. தூசியில் வேலை செய்யும் எல்லோருக்கும் முடக்குவாதம் வந்துவிடாது, பெரும்பாலோருக்கு வராது. ஆனால் தறிக்கூடத்தில் காற்றுப் போக்கும் முகக்கவசமும், பாறை குடையும்போது தண்ணீர் பாய்ச்சித் தூளை அடக்குவதும் நுரையீரலைக் காக்க எப்படியும் செய்ய வேண்டியவை. அவற்றுக்கு மேலும் ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

ஈறு நோயும் இதே வழியில் சேர்கிறது. ஈறுகளை அரிக்கும் போர்ஃபிரோமோனஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம் அதற்கே உரிய பி.ஏ.டி. நொதி இருக்கிறது. ஈறிலேயே புரதங்களிலுள்ள ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றும் திறன் அதற்கு உண்டு.

ஆன்டிபாடி தோன்றிய உடனே மூட்டு வீங்குவதில்லை. நெதர்லாந்தில் ரத்ததானம் செய்தவர்களில் பிற்காலத்தில் முடக்குவாதம் வந்த 79 பேரின் பழைய ரத்த மாதிரிகள் உறைநிலையில் இருந்தன. 2004-ல் அவற்றைச் சோதித்தபோது, நோய்க்குறி தோன்றுமுன்பே ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஃபேக்டரோ சி.சி.பி.யோ இருந்தது தெரிந்தது. நடுக்கணக்காக நாலரை ஆண்டுகளுக்கு முன்பே. சிலரிடம் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே. இந்த ஆண்டுகளில் ஆன்டிபாடி சும்மா இருப்பதில்லை. ஒரு புரதத்தைப் பற்றியது பல புரதங்களைப் பற்றக் கற்றுக்கொள்கிறது, அளவு கூடுகிறது, அதன்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் அமைப்பு அழற்சியைத் தூண்டும் விதமாக மாறுகிறது. இவை முற்றிய பிறகே மூட்டில் முதல் வீக்கம். எலிகளில் செய்த சோதனை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. சிட்ருலின் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடியை மட்டும் செலுத்தியபோது மூட்டு கெடவில்லை. ஏற்கெனவே லேசான அழற்சி இருந்த மூட்டில் அதே ஆன்டிபாடி சேதத்தைப் பெருக்கியது.

மூட்டுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள, நலமான மூட்டை முதலில் பார்க்க வேண்டும். எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. மூட்டுப் பையின் உள்பக்கத்தில் ஒன்றிரண்டு செல் தடிமனே உள்ள மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு சுரக்கும் மூட்டுநீர் வெளிர்மஞ்சளாக, தெளிவாக இருக்கும். ஊசியின் நுனியிலிருந்து சொட்டும்போது நூலாக நீளும். ஒரு கனமில்லிமீட்டரில் வெள்ளணுக்கள் 200-க்குக் குறைவு. முடக்குவாதத்தில் வீங்கிய முழங்காலிலிருந்து எடுத்த நீர் கலங்கி, நூல் இழுக்காமல் தண்ணீராகச் சொட்டும். வெள்ளணுக்கள் 2,000 முதல் 50,000 வரை. நீரின் பிசுபிசுப்புக்குக் காரணமான ஹைலூரோனிக் அமிலத்தைக் கூட அழற்சி துண்டாக்கிவிட்டது என்று பொருள்.

இந்த நீரிலும் சவ்விலும் ஆன்டிபாடிகளின் வேலை மூன்று வழிகளில் நடக்கிறது. சிட்ருலின் ஏறிய ஃபைப்ரின் போன்ற புரதத்தோடு ஆன்டிபாடி பிணைந்து ஒரு கூட்டுப்பொருளாகிறது. அந்தக் கூட்டுப்பொருளிலுள்ள ஐ.ஜி.ஜி.க்களின் வால்களை ருமட்டாய்டு ஃபேக்டர் பத்து முனைகளாலும் பிடித்து இன்னும் பெரிதாக்குகிறது. இரண்டு ஆன்டிபாடிகளும் உள்ளவர்களிடம் நோய் கடுமையாக இருப்பதற்கு இந்தக் கூட்டு ஒரு காரணம். பெருத்த கூட்டுப்பொருள் ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்களைத் தூண்டிவிடுகிறது. அவை ஒன்றையொன்று வெட்டிச் செயல்பட வைத்து, வெள்ளணுக்களை அழைக்கும் துண்டுகளை உண்டாக்குகின்றன. ஃபேக்டர் உள்ள நோயாளிகளின் மூட்டுநீரில் காம்ப்ளிமென்ட் அளவு குறைந்திருப்பதை 1960-களிலேயே கண்டார்கள். அது அங்கேயே செலவழிந்துகொண்டிருந்தது.

அழைப்புக்கு முதலில் ஓடிவருபவை நியூட்ரோஃபில்கள். கூட்டுப்பொருளை விழுங்க முயன்று அவை நொதிகளைக் கொட்டுகின்றன; சில தம் டி.என்.ஏ.வையே வலையாக வீசிச் சாகின்றன. சாகும் நியூட்ரோஃபிலில் பி.ஏ.டி. நொதி நிறைய உண்டு, மூட்டில் கால்சியமும் உண்டு. விளைவாகப் புதிய புரதங்களில் சிட்ருலின் ஏறுகிறது, ஆன்டிபாடிக்குப் புதிய இலக்கு கிடைக்கிறது, புதிய கூட்டுப்பொருள், மேலும் நியூட்ரோஃபில்கள். முடக்குவாதம் தானாக அடங்காமல் ஆண்டுக்கணக்கில் எரிவது இந்தச் சுழற்சியால்தான். இரண்டாவது வழியில், சவ்விலுள்ள மேக்ரோஃபேஜ்கள் அதே கூட்டுப்பொருளை வால்வழியே பற்றிக்கொண்டு டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6 என்ற தூதுப் புரதங்களைச் சுரக்கின்றன. காய்ச்சல்போன்ற களைப்பு, ரத்தசோகை, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எனும் அழற்சி அளவீடுகளின் உயர்வு எல்லாம் இந்தத் தூதுப் புரதங்கள் உடல் முழுக்கப் பரவுவதன் அடையாளங்கள்.

ஒன்றிரண்டு செல் தடிமனே இருந்த சவ்வு இப்போது பத்துச் செல் தடிமனுக்கும் மேல் போய், புது ரத்தக்குழாய்களோடு மடிப்பு மடிப்பாக வளர்ந்து குருத்தெலும்பின்மீது படர்கிறது. பல நோயாளிகளின் சவ்வுக்குள் பி செல்கள் கூடி நிணநீர்க் கணு போன்ற திரள்களை அமைக்கின்றன. அங்கே முதிர்ந்த பிளாஸ்மா செல்கள் சி.சி.பி. ஆன்டிபாடியை மூட்டுக்குள்ளேயே தயாரிக்கின்றன. ரத்தத்தில் வந்து சேரும் ஆன்டிபாடிக்கு மேலாக, உள்ளூர் உற்பத்தியும் தொடங்கிவிட்ட நிலை அது.

மூன்றாவது வழி எலும்பு. எலும்பை அரித்து உறிஞ்சும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களின் முன்னோடிகளில் சிட்ருலின் ஏறிய விமென்டின் இருப்பதையும், அதற்கு எதிரான ஆன்டிபாடி அவற்றை முதிரத் தூண்டுவதையும் ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். மூட்டு வீக்கமே தோன்றாத, ஆனால் சி.சி.பி. இருப்பவர்களின் விரலெலும்புகளை நுண் சி.டி. கருவியில் பார்த்தபோது எலும்பின் மேற்பரப்பு ஏற்கெனவே மெலிந்திருந்தது. நோய் முற்றும்போது அரிப்பு முதலில் விழுவது, குருத்தெலும்பு முடிந்து மூட்டுப் பை தொடங்கும் இடைவெளியில், போர்வையில்லாத எலும்பில். கை, கால் விரல்களின் எக்ஸ்ரேயில் சிறு பள்ளமாகத் தெரியும் அது ஒருமுறை விழுந்துவிட்டால் பழையபடி நிரம்புவது அபூர்வம்.

ஆய்வகச் சீட்டைப் படிப்பதில் நடக்கும் குழப்பம் பெரிது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வெளியான கணக்கின்படி, முடக்குவாதம் உள்ள 100 பேரில் ஃபேக்டர் 69 பேரிடமும், சி.சி.பி. 67 பேரிடமும் தென்படும். நோய் இல்லாத 100 பேரிலும் ஃபேக்டர் 15 பேரிடம் தென்படும், சி.சி.பி. 5 பேரிடம். முழு உடல் பரிசோதனைத் திட்டத்தில் ஆர்.ஏ. ஃபேக்டரையும் சேர்த்து, மூட்டு வலியே இல்லாத ஆயிரம் பேருக்குச் செய்தால் என்னாகும்? ஆயிரத்தில் நோயாளிகள் 8 பேர் இருக்கலாம். அவர்களில் 6 பேருக்குச் சோதனை பாசிட்டிவ். மீதி 992 பேரில் ஏறத்தாழ 149 பேருக்கும் பாசிட்டிவ். 155 சீட்டுகளில் 149 வீண் பயம். மாறாக, கைக்கணு வீங்கி வந்த நூறு பேரில் 40 பேருக்கு முடக்குவாதம் என்று வைத்துக்கொண்டு அவர்களிடம் சி.சி.பி. பார்த்தால், பாசிட்டிவ் வரும் 30 பேரில் 27 பேர் உண்மையான நோயாளிகள். யாருக்குச் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் சோதனைக்கு மதிப்பு.

ருமட்டாய்டு ஃபேக்டர் முதியவர்களிடமும், காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி, இதய உட்சவ்வுத் தொற்று, கண்ணும் வாயும் உலரும் ஸ்யோக்ரன் நோய் உள்ளவர்களிடமும் தோன்றும். சி.சி.பி. கூடச் சில காசநோயாளிகளிடம் தென்படுவதுண்டு. காசநோய் இன்னும் ஒழியாத நாட்டில் இதை மறக்கக் கூடாது.

சேலம் வட்டாரத்தில் மூட்டுவலிக்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று சிக்குன்குனியா. 1964-ல் சென்னை, வேலூர் பகுதிகளைத் தாக்கிப் பிறகு பல்லாண்டு காணாமல் போயிருந்த அந்த வைரஸ், 2005 இறுதியில் ஆப்பிரிக்க வம்சாவளி வைரஸாக ஆந்திரம் வழியே திரும்பி வந்து, 2006-ல் தமிழக மாவட்டங்களில் பரவியது. சேலம் வட்டாரமும் அதில் தப்பவில்லை. காய்ச்சல் விட்டபிறகும் மாதக்கணக்கில் மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கிக் கிடந்தவர்கள் ஏராளம். பார்வைக்கு அச்சாக முடக்குவாதம். அத்தகையவர்களில் பெரும்பாலோருக்கு ஃபேக்டரும் சி.சி.பி.யும் நெகட்டிவாக இருக்கும், எலும்பு அரிப்பும் ஏற்படாது. சி.சி.பி. உயர்ந்திருந்தால் மருத்துவர் அதைக் காய்ச்சலின் மிச்சம் என்று விட்டுவிட மாட்டார். மற்றொன்று ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பை ஃபுளோரைடு தாண்டுகிறது. அதனால் முதுகும் இடுப்பும் முழங்காலும் இறுகி வலிப்பது எலும்பிலேயே நடக்கும் மாற்றம். அதில் தன்னெதிர்ப்பொருளுக்கு இடமில்லை, முடக்குவாத மாத்திரைக்கும் வேலையில்லை. மாற்ற வேண்டியது குடிநீரை.

அமெரிக்க, ஐரோப்பிய முடக்குவாத இயல் அமைப்புகள் 2010-ல் சேர்ந்து வகுத்த மதிப்பெண் முறை ஆன்டிபாடிக்கு உரிய இடத்தைச் சரியாகத் தருகிறது. முதலில், குறைந்தது ஒரு மூட்டாவது வீங்கியிருப்பதை மருத்துவர் கையால் உணர்ந்திருக்க வேண்டும். அந்த வீக்கத்துக்கு வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாது. பிறகு மொத்தம் 10 மதிப்பெண், 6 எடுத்தால் முடக்குவாதம். ஆன்டிபாடிக்கு அதிகபட்சம் 3 மட்டுமே. வரம்புக்குச் சற்று மேல் என்றால் 2, வரம்பின் மும்மடங்குக்கு மேல் என்றால் 3. ஐந்தாறு விரற்கணுக்கள் எட்டு வாரமாக வீங்கி, சி.சி.பி. மிக உயர்ந்து, சி.ஆர்.பி.யும் கூடியிருக்கும் ஒரு தறிக்கூடத் தொழிலாளிக்குக் கணுக்களுக்கு 3, ஆன்டிபாடிக்கு 3, சி.ஆர்.பி.க்கு 1, ஆறு வாரம் தாண்டியதற்கு 1, ஆக 8. ஒரே ஒரு முழங்கால் சில நாளாக வீங்கி, ஃபேக்டர் மட்டும் லேசாகக் கூடியவருக்கு 2. இரண்டு சீட்டிலும் 'பாசிட்டிவ்' என்றே அச்சாகியிருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ஃபேக்டர், சி.சி.பி. இரண்டும் நெகட்டிவாக இருந்தும் முடக்குவாதம் இருப்பவர்கள் கணிசமாக உண்டு. சீட்டில் ஒன்றுமில்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது அநீதி. இன்னொன்று, மாதாமாதம் ஃபேக்டரைச் சோதித்து எண் குறைந்ததா என்று பார்ப்பது. ஆன்டிபாடி அளவு அன்றாட நோய்த் தீவிரத்தோடு ஏறி இறங்குவதில்லை. வீங்கிய கணுக்களின் எண்ணிக்கையும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.யும்தான் அதைச் சொல்லும். ஒருமுறை உறுதியான பிறகு திரும்பத் திரும்ப சி.சி.பி.க்குக் கொடுக்கும் பணத்தை மாத்திரைக்குக் கொடுக்கலாம்.

ஆன்டிபாடி உறுதியாக முன்னறிவிக்கும் ஒன்று உண்டு: நோயின் போக்கு. சி.சி.பி. உயர்ந்தவர்களிடம் எலும்பு அரிப்பு விரைவாக வருகிறது. முழங்கைத் தோலடிக் கட்டிகள் ஃபேக்டர் உள்ளவர்களிடமே பெரும்பாலும் தோன்றுகின்றன. நுரையீரல் தழும்பேறுவதும் ஆன்டிபாடி உள்ளவர்களிடம் அதிகம். எனவே அவர்களுக்கு முதல் மூன்று மாதங்களுக்குள் மருந்து தொடங்குவது மூட்டின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும். அடிப்படை மருந்து மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள், உடன் ஃபோலிக் அமிலம், குறித்த இடைவெளியில் ரத்தமும் கல்லீரலும் பரிசோதனை. வார மாத்திரையைத் தினமும் விழுங்கி எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிராபத்துக்குப் போனவர்கள் உண்டு. ஆகவே எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் பெரிதாக எழுதி வாங்க வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் இதை மருத்துவரிடம் சொல்லி முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு நோய் அடங்காதபோது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபசலசின், லெஃப்ளுனமைடு சேர்க்கப்படுகின்றன. அதன்பின் உயிரியல் மருந்துகள். அவற்றில் ரிடக்ஸிமாப் ஆன்டிபாடித் தொழிற்சாலையையே குறிவைக்கிறது. பிளாஸ்மா செல்லாக மாறவேண்டிய பி செல்களை அழிக்கும் இம்மருந்து முடக்குவாதத்தில் பயன்தருவதை லண்டனின் ஜோனதன் எட்வர்ட்ஸ் குழு 2004-ல் நிறுவியது. ஆன்டிபாடி உள்ளவர்களிடமே இதன் பலன் கூடுதல். டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஊசிகளுக்கு முன் மறைந்திருக்கும் காசநோயைச் சோதித்தே ஆக வேண்டும். மூட்டு வீங்குமுன்பே தடுக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது. சி.சி.பி. உயர்ந்து வலி மட்டும் இருந்தவர்களுக்கு ஓராண்டு அபடாசெப்ட் என்ற மருந்தைக் கொடுத்த பிரிட்டன், நெதர்லாந்து ஆய்வு 2024-ல் வெளியானது. மருந்து எடுத்த காலத்தில் மூட்டழற்சி வந்தவர்கள் குறைவு. நிறுத்திய பிறகு இடைவெளி மெல்லச் சுருங்கியது.

பொட்டலத்தில் வரும் பெயரில்லா மாத்திரையும், கடையில் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டும் இரண்டே நாளில் வலியை மறைக்கும். ஆன்டிபாடியும் எலும்பரிப்பும் அடியில் தம் போக்கில் நடக்கும். கூடவே சர்க்கரையும் எலும்புத் தேய்வும் சேரும். பீடியை விடுவதும் ஈறுகளைப் பார்த்துக்கொள்வதும் மருந்துக்குத் துணை. புகைப்போரிடம் மெத்தோட்ரெக்ஸேட் அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை.

காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் கை இறுகி, விரற்கணுக்கள் சில வாரங்களாக வீங்கியிருந்தால், முதலில் ஓட வேண்டிய இடம் ரத்தப் பரிசோதனை நிலையம் அல்ல. அந்தக் கணுக்களை அழுத்திப் பார்க்கும் மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. மேற்சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் முடக்குவாத நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது. எந்தச் சோதனை யாருக்கு வேண்டும் என்பதை அங்கே முடிவு செய்யட்டும். வீக்கம் தொடங்கி மூன்று மாதம் ஆகுமுன் போய்ச் சேருங்கள்.